விமான இன்டர்காமில் பாட்டு: கோபுரத்தின் குரல் ஏன் கிணற்றுக்குள் போனது?

நங்கநல்லூர்ப் பறவை (சனி, இரவு 9.20)

எலக்ட்ரானிக்ஸ் கைவந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் கேட்கிறேன். தனியார் விமானி உரிமம் கிடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அண்ணனின் நண்பர் வைத்திருக்கும் செஸ்னா 172-ஐ மாதத்தில் ஓரிரு முறை ஓட்டுகிறேன். 1976-இல் தயாரான விமானம். 14 வோல்ட் மின் அமைப்பு. கருவிப் பலகையில் இன்டர்காம் (விமானத்தில் இருப்பவர்கள் ஹெட்செட் வழியே பேசிக்கொள்ள உதவும் கருவி) கிடையாது. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் கையடக்கப் பெட்டி ஒன்றை விமானத்தின் ஹெட்போன், மைக் துளைகளில் சொருகி, இருக்கைகளுக்கு நடுவே போட்டுக்கொள்கிறோம்.

சென்னையிலிருந்து மதுரைக்குப் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எஞ்சின் உறுமலை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பாட்டு இருந்தால் நன்றாக இருக்குமே என்று சென்ற வாரம் ரிச்சி தெருவுக்குப் போய் இரட்டைக் கிளை வயர் ஒன்றும் அடாப்டர் பின் ஒன்றும் வாங்கினேன். இன்டர்காமின் ஹெட்போன் துளையில் அதைச் சொருகி, ஒரு கிளையில் ஹெட்செட்டையும் மறுகிளையில் என் பழைய எம்.பி.3 பிளேயரையும் மாட்டினேன். பிளேயரில் சார்ஜ் இல்லாததால் அதைச் சிகரெட் லைட்டர் துளையில் இருந்த சார்ஜரில் இணைத்தேன்.

பாட்டு வந்தது. கூடவே ஒரு ரீங்காரமும் வந்தது. எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் அதன் சுருதியும் ஏறுகிறது. அடுத்து, நான் போட்டது ஒரு கச்சேரிப் பதிவு. அதில் பாடகரும் மிருதங்கமும் கேட்கின்றன, வயலினை மட்டும் காணோம்.

மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கியது. ஓடுபாதைக்கு வெளியே காத்து நின்றபோது கட்டுப்பாட்டுக் கோபுரம் என்னை இரண்டு முறை அழைத்திருக்கிறது. எனக்குக் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் இருந்தது. பக்கத்தில் இருந்த நண்பர் சந்தேகப்பட்டு பிளேயர் வயரைப் பிடுங்கினார். அடுத்த நொடி கோபுரத்தின் குரல் கணீரென்று வந்தது. நல்லவேளை, தரையில்தான் இருந்தோம்.

பிளேயர் பழுதா, வயர் பழுதா?

பழைய ரேடியோ (சனி, இரவு 10.05)

தம்பி, பிளேயரும் பழுதில்லை, வயரும் பழுதில்லை. இணைத்த இடம்தான் தவறு. ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில் முப்பது ஆண்டுகளாக ஆம்ப்ளிஃபையர் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கல்யாண மண்டப மைக்செட்டிலும் இதே தவற்றை மாதம் ஒருவர் செய்துகொண்டு வந்து நிற்கிறார்.

மூன்றாவதையே முதலில் எடுத்துக்கொள்வோம், ஆபத்து அங்கேதான். விமான ஹெட்செட்டின் மின்தடை பெரும்பாலும் 150 முதல் 600 ஓம் வரை இருக்கும். அந்தச் சுமையைத் தள்ளத்தான் இன்டர்காம் செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் பிளேயரோ 16, 32 ஓம் இயர்போனுக்காகச் செய்யப்பட்டது. அதன் வெளியீட்டுப் பக்கம் ஒரு சில ஓம்தான் இருக்கும். நீங்கள் இரண்டு வெளியீடுகளை நேருக்கு நேர் முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். வாய்க்காலின் நடுவில் பெரிய மடையைத் திறந்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருமா? கோபுரத்தின் குரல் ஹெட்செட்டுக்கு வரவேண்டிய வழியில் பிளேயருக்குள்ளேயே வடிந்துபோயிற்று. வயரைப் பிடுங்கினீர்கள், மடை அடைபட்டது.

வெளியீட்டோடு வெளியீட்டை ஒருநாளும் இணைக்கக்கூடாது. வெளியீடு என்றால் அது போய்ச் சேர வேண்டியது ஓர் உள்ளீட்டில்.

ஒரு கேள்வி. அந்தக் கையடக்கப் பெட்டியின் பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட சிறு துளை ஏதாவது இருக்கிறதா? நாளைக்குப் பார்த்துச் சொல்லுங்கள். சார்ஜர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், கடையை மூடவேண்டும்.

மார்கழி ரசிகை (சனி, இரவு 10.40)

எனக்கு ஓமும் தெரியாது, வோல்ட்டும் தெரியாது. ஆனால் வயலின் எங்கே போனது என்று என்னால் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

மேடையில் வயலின்காரர் பாடகரின் இடப்பக்கம் உட்காருவார், மிருதங்கம் வலப்பக்கம். எதிரே உட்கார்ந்து பார்க்கிற நமக்கு அது மாறித் தெரியும்: வயலின் வலப்புறம், மிருதங்கம் இடப்புறம். மேடையில் உள்ளபடியே இரண்டு பக்கமாகப் பிரித்துப் பதிவு செய்தால் வயலின் வலது காதில்தான் வரும். ஆகவே உங்களுக்கு வலப்பக்கம் முழுவதும் அறுந்திருக்க வேண்டும். பாடகர் நடுவில் இருப்பதால் தப்பித்தார்.

சுருதி ஏறுகிறது என்று சொன்னீர்களே, எவ்வளவு ஏறுகிறது என்று கவனித்தீர்களா?

குரோம்பேட்டை மாணவன் (சனி, இரவு 11.15)

அக்கா சொன்னது அப்படியே சரி. காரணம் அடாப்டர் பின்னில் இருக்கிறது. ஸ்டீரியோ பின்னில் மூன்று பகுதிகள் உண்டு: முனை இடது, நடு வளையம் வலது, அடிக்குழல் எர்த். சாதாரண விமான ஹெட்செட்டின் 6.35 மில்லிமீட்டர் பின் மோனோ. அதில் முனையும் குழலும் மட்டும்தான். மோனோவுக்கான இணைப்பில் ஸ்டீரியோ வந்து சேரும்போது வலது வளையம் நேராக எர்த்தில் போய் முட்டுகிறது. வயலின்காரர் எர்த்தில் இறங்கிவிட்டார். நீண்ட நேரம் அப்படியே ஓட்டினால் பிளேயரின் வலப்பக்க ஆம்ப்ளிஃபையர் சூடாகிச் சாகவும் கூடும்.

அதற்காக இடது வலது இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கிவிடாதீர்கள். அதுவும் வெளியீட்டோடு வெளியீடு சேர்ப்பதுதான். ஒவ்வொன்றுக்கும் 470 ஓம் முதல் 1 கிலோ ஓம் வரையுள்ள ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, அதற்குப் பிறகு சேர்க்க வேண்டும்.

மைக் துளையின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் மைக்கை இயக்குவதற்கான நேர்மின்சாரம், ஏறக்குறைய 8 முதல் 16 வோல்ட், எப்போதும் நிற்கும். அந்தப் பின் 5.23 மில்லிமீட்டர் என்பதால் தவறி மாற்றிச் சொருகவும் முடியாது.

நங்கநல்லூர்ப் பறவை (ஞாயிறு, மாலை 6.30)

பழைய ரேடியோ ஐயா, உங்களுக்குக் கண் எத்தனை? இடப்பக்கம் ரப்பர் மூடி இருந்தது. திறந்தால் 3.5 மில்லிமீட்டர் துளை, மேலே ‘ஆக்ஸ்’ (வெளிக் கருவியின் ஒலிக்கான உள்ளீடு) என்று பொறித்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பறக்கிறேன், ஒருநாள்கூட என் கண்ணில் படவில்லை. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் தகடு முழுவதும் பச்சைப் பச்சையாகக் களிம்பு.

ரசிகை அம்மா கேட்டதற்காகவே இன்று எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 1,100 சுற்றில் ஒரு சுரம். 2,200 சுற்றுக்கு ஏற்றினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில்!

மார்கழி ரசிகை (ஞாயிறு, மாலை 6.50)

இரு மடங்கு என்றால் ஒரு ஸ்தாயி. உங்கள் எஞ்சினுக்குச் சுருதி சுத்தம்.

பழைய ரேடியோ (ஞாயிறு, இரவு 8.10)

அப்படியானால் ஐயமே இல்லை, அது ஆல்டர்னேட்டரின், அதாவது எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியின் சத்தம். எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிறது, அதனால் எஞ்சினோடு சேர்ந்து சுருதி ஏறுகிறது. சுருதி ஒரே இடத்தில் நின்றால் சார்ஜருக்குள் இருக்கும் சுவிட்சிங் சுற்றைச் சந்தேகப்படலாம். நொடிக்கொரு முறை ‘ங்ஙீ’ என்று ஏறி அறுந்தால் இறக்கை முனையில் மின்னும் ஸ்ட்ரோப் விளக்கின் மின்பெட்டி. இந்த மூன்றையும் காதாலேயே பிரித்துவிடலாம், மீட்டர் வேண்டாம்.

இப்போது சத்தம் எப்படி உள்ளே வந்தது என்பதைப் பாருங்கள். பிளேயர் சார்ஜர் வழியாக விமானத்தின் எர்த்தைத் தொட்டது. அதே பிளேயர் பாட்டு வயர் வழியாக இன்டர்காமின் எர்த்தையும் தொட்டது. இன்டர்காம் தன் பின் வழியாக மறுபடியும் விமான உடலைத் தொடுகிறது. எர்த்துக்கு இரண்டு பாதை, நடுவில் ஒரு வளையம். லைட்டர் துளை இருக்கும் இடத்து எர்த்துக்கும் ஹெட்போன் துளை இருக்கும் இடத்து எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தால் போதும். அந்த மில்லிவோல்ட் பாட்டு வயரின் மேல் சவாரி செய்து காதுக்கு வந்துவிடும்.

சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், சத்தம் நிற்கும். நிற்காவிட்டால் என் கடைக்கு வந்து என்னைத் திட்டலாம்.

களிம்புக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், பட்ஸ் குச்சி. உப்புத்தாள் போடாதீர்கள், பூச்சு போய்விடும். நம் ஊர்க் கடல் காற்றில் வெறும் பித்தளை ஆறு மாதம் தாங்காது. அந்த ரப்பர் மூடியைத் தொலைத்துவிடாதீர்கள்.

தாம்பரத்து ஆசான் (ஞாயிறு, இரவு 9.30)

எல்லாரும் எப்படி இணைப்பது என்றே பேசுகிறீர்கள். இணைக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

செஸ்னாவின் இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை இருக்கிறது. பறவை அவர்கள் ஒவ்வொரு முறையும் சுற்றிவந்து சோதிக்கும்போது பார்க்கிற துளைதான். வேகம் குறைந்து, இறக்கை ஸ்டால் ஆவதற்கு (தூக்குவிசையை இழப்பதற்கு) 5 முதல் 10 நாட் (மணிக்குக் கடல் மைல்) முன்பே அதன் வழியே காற்று உறிஞ்சப்பட்டு, உள்ளே ஆர்மோனியத்தில் இருப்பதுபோன்ற ஒரு ரீடு ஊளையிடும். மின்சாரம் இல்லை, வயர் இல்லை. இன்டர்காமுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பேச்சு வந்தால் பாட்டைத் தாழ்த்தும் எந்த மியூட் சுற்றும் அதற்காகப் பாட்டை நிறுத்தப்போவதில்லை.

அடுத்தது கார்புரேட்டரில் உறையும் பனி. இந்தக் கரையோர ஈரக்காற்றில், வெளியே 30 டிகிரி வெயில் அடிக்கும்போதுகூட, விசையைக் குறைத்து இறங்கினால் உள்ளே பனி கட்டும். இதழ்க் கோணம் மாறாத புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் முதல் அடையாளம் எஞ்சின் சுற்று மெல்லக் குறைவது. பழகிய காது அதை முள் அசைவதற்கு முன்பே பிடித்துவிடும். காதை வாடகைக்கு விட்டவர் பிடிக்கமாட்டார்.

1974 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஈஸ்டர்ன் 212 விமானம் தரையிறங்க வரும்போது விழுந்தது. 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விமானிகள் உயரத்தைப் பார்க்கவேண்டிய நேரத்தில் அரசியலும் பழைய கார் வியாபாரமும் பேசிக்கொண்டிருந்தது குரல் பதிவில் இருந்தது. அதன் பிறகுதான் 1981-இல் 10,000 அடிக்குக் கீழே, ஒரே உயரத்தில் சீராகப் பறக்கும் நேரம் தவிர, விமானி அறையில் தேவையற்ற எதுவும் கூடாது என்ற விதியை அந்த நாடு பயணிகள் விமானங்களுக்குக் கொண்டுவந்தது. வெறும் பேச்சுக்கே அந்த விதி. நீங்கள் கச்சேரியே வைக்கிறீர்கள்.

அடையாறு வால்வு (ஞாயிறு, இரவு 10.20)

ஆசான் ஐயா, வணக்கத்துடன் ஒரு மாற்றுக் கருத்து. செஸ்னா 172 வாழ்நாளில் பெரும்பகுதி 10,000 அடிக்குக் கீழேதான் பறக்கிறது. ஆனால் ஒரே உயரத்தில் சீராகப் பறக்கும் நேரத்துக்கு அந்த விதியே விலக்கு தருகிறது. அது பயணிகள் விமானத்துக்கான விதி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தனியாகச் சமதளத்தில், அதாவது ஒரே உயரத்தில், இரண்டு மணி நேரம் பறக்கிறவருக்குத் தூக்கமும் ஓர் எதிரி. இரைச்சல் களைப்பை உண்டாக்கும். இன்று விமானிகள் காதில் மாட்டும் இரைச்சல் நீக்கும் ஹெட்செட் பிறந்த கதையே பாட்டில்தான் தொடங்குகிறது. 1978-இல் சூரிச்சிலிருந்து அமெரிக்கா திரும்பிய அமர் போஸ் (போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவியவர்), விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டுக் கேட்க முயன்றார். எஞ்சின் இரைச்சல் பாட்டை விழுங்கியது. அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். 1986-இல் வாயேஜர் விமானம் எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றியபோது விமானிகள் அணிந்தது அதன் முன்மாதிரியை. 1989-இல் விற்பனைக்கு வந்தது. அந்த மனிதருக்குப் பாட்டுக் கேட்க ஆசை வராமல் இருந்திருந்தால்?

தாம்பரத்து ஆசான் (ஞாயிறு, இரவு 10.45)

அவர் பயணியாக உட்கார்ந்திருந்தார். விமானத்தை வேறொருவர் ஓட்டினார்.

மேலே ஏறி, சமதளம் பிடித்து, எரிபொருள் கலவை சரிசெய்து, எல்லாம் அமைதியான பிறகு கேட்பதானால் நான் குறுக்கே நிற்கவில்லை. இறங்கத் தொடங்கும்போது வயர் கையில் இருக்க வேண்டும், துளையில் அல்ல. ஒலியைக் குறைத்து வைத்தேன் என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம்.

இன்னொன்று. பலகையில் துளை போட்டு நிரந்தரமாக வயர் இழுப்பதாக இருந்தால் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் தொடாதீர்கள். ரிச்சி தெருவில் எத்தனை திறமைசாலி இருந்தாலும் சரி.

பழைய ரேடியோ (திங்கள், காலை 7.15)

ஆசான் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. பலகையைத் தொடச் சொல்லவே இல்லை. கையடக்கப் பெட்டிக்கும் பிளேயருக்கும் நடுவே ஒரு வயர், அவ்வளவுதான் பேச்சு.

அந்த ‘ஆக்ஸ்’ துளைக்குப் போகும் பாட்டு உள்ளே தனி ரெசிஸ்டர் வழியாகக் கலவைச் சுற்றுக்குப் போகிறது. அதனால் கோபுரத்தின் குரல் வடியாது. நல்ல பெட்டியாக இருந்தால் ரேடியோவில் குரல் வந்தாலும், யாராவது மைக்கில் பேசினாலும் பாட்டு தானாகத் தாழ்ந்து, பேச்சு நின்றபின் மெல்ல ஏறும். சில பெட்டிகளில் இந்த மியூட்டை நிறுத்திவைக்கப் பொத்தான் இருக்கும். தம்பி, அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

ஒலி வைக்கும் முறை: பாட்டே இல்லாமல் ரேடியோவைத் தெளிவாகக் கேட்கும்படி வையுங்கள். அந்தக் குமிழை இனி மறந்துவிடுங்கள். பிறகு பாட்டைப் பிளேயரிலேயே ஏற்றுங்கள், ரேடியோவுக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எர்த் வளையத்தை அறுக்க 1:1 ஆடியோ டிரான்ஸ்பார்மர், 600 ஓமுக்கு 600 ஓம். பாட்டு காந்தப்புலமாகத் தாண்டிப் போகும், எர்த் தாண்டாது. இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. பழைய டயல்-அப் மோடத்தைப் பிரித்தால் ஒன்று கிடைக்கும். ஆனால் அது தொலைபேசிக் குரலுக்காகச் செய்தது. மிருதங்கத்தின் தொப்பி அதில் தகரம் தட்டுவதுபோல் ஒலிக்கும். ஆடியோவுக்கென்று இருப்பதையே வாங்குங்கள். ஷீல்டு வயரில் ஷீல்டை (மேலே சுற்றியிருக்கும் உலோகப் பின்னலை) டிரான்ஸ்பார்மரின் ஒரு பக்கத்தோடு நிறுத்துங்கள். இரு பக்க எர்த்தும் ஒரே உலோகப் பெட்டியைத் தொட்டால் போட்ட டிரான்ஸ்பார்மர் வீண். பிளாஸ்டிக் டப்பா போதும்.

குரோம்பேட்டை மாணவன் (திங்கள், காலை 8.40)

ஐயா, டிரான்ஸ்பார்மர் எதற்கு? ஒரு பவர் பேங்கை பிளேயரில் சொருகினால் விமானத்தின் எர்த்தோடு உறவே இல்லை. வளையமும் இல்லை.

பழைய ரேடியோ (திங்கள், காலை 8.55)

உண்மைதான். நான் வியாபாரி புத்தியில் யோசித்துவிட்டேன்.

அடையாறு வால்வு (திங்கள், காலை 11.30)

ஒரு சின்னக் குறுக்கீடு. பிளேயரையும் பவர் பேங்கையும் கண்ணாடிக்குக் கீழே பலகையின் மேல் வைக்காதீர்கள். அங்கேதான் காந்தத் திசைகாட்டி தொங்குகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் சிறிய புளூடூத் ஸ்பீக்கரை அங்கே வைத்துவிட்டு, வடக்கு எங்கே என்று வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் இருப்பது காந்தம்.

கைபேசியில் பாட்டுப் போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் விமான நிலைக்கு மாற்ற வேண்டும். நம் டி.ஜி.சி.ஏ. (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) 2014-இல் தளர்த்தியபோதும் அந்த நிபந்தனையோடுதான் தளர்த்தியது. விதிக்காக இல்லாவிட்டாலும் உங்கள் காதுக்காகச் செய்யுங்கள். 2ஜி கைபேசி தன் செல் கோபுரத்தைத் தேடும்போது நொடிக்கு 217 முறை துடிப்பதால் ‘டிட்டி டிட்டி’ என்று ஹெட்செட்டில் வண்டு புகுந்ததுபோல் இருக்கும்.

நங்கநல்லூர்ப் பறவை (அடுத்த ஞாயிறு, இரவு 7.50)

முடிவைச் சொல்கிறேன். களிம்பைத் துடைத்தேன், மூன்று பட்ஸ் குச்சி பச்சையாக வந்தன. ‘ஆக்ஸ்’ துளையில் நேராக பிளேயர். மாணவர் சொன்னதை மனத்தில் வைத்து, துளை ஸ்டீரியோ வகை என்பதை மீட்டரில் சோதித்த பிறகே சொருகினேன். பவர் பேங்க் என் இருக்கையின் பின்பையில். முதலில் தரையில் நின்றபடியே எஞ்சினை 1,100, 1,700, 2,200 என்று ஏற்றினேன். ரீங்காரம் இல்லை. வேண்டுமென்றே லைட்டர் சார்ஜரைச் சொருகினேன், உடனே வந்தது. பிடுங்கினேன், நின்றது. பழைய ரேடியோ ஐயாவைத் திட்டும் வாய்ப்பு போயிற்று.

3,500 அடியில் சமதளம் பிடித்த பிறகு பாட்டைத் தொடங்கினேன். ஹெட்செட் மோனோதான், ஆனாலும் இன்டர்காமே இரண்டு பக்கத்தையும் கலந்து கொடுக்கிறது. வயலின் திரும்பி வந்துவிட்டார். தனி ஆவர்த்தனம் சூடு பிடிக்கும்போது ரேடியோவில் என் அழைப்புக் குறி வந்தது. மிருதங்கம் அப்படியே தரைக்குப் போய், கட்டுப்பாட்டாளரின் குரல் மட்டும் மேலே நின்றது. பதில் சொல்லி முடித்து இரண்டு நொடியில் மிருதங்கம் ஏறிவந்தது. ஓர் ஆவர்த்தனம் போயிருக்கும்.

ஒரு குறை. யாரும் பேசாமல் இருக்கும்போதும் பாட்டு அடிக்கடி தானாக விழுந்து விழுந்து எழுகிறது. நண்பர் பக்கத்துக் காற்றுத் துவாரத்தைத் திறந்தால் இன்னும் மோசம்.

பழைய ரேடியோ (அடுத்த ஞாயிறு, இரவு 8.20)

ஸ்குவெல்ச் குமிழைச் சரிசெய்ய வேண்டும், எவ்வளவு சத்தம் வந்தால் மைக் திறக்கும் என்று வைப்பது அதுதான். நண்பரின் மைக்கில் விழும் காற்றைப் பேச்சு என்று பெட்டி நினைத்துக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது, யாரும் பேசாமல், காதில் இரைச்சல் அறுகிற இடம்வரை குமிழைத் திருப்பி அங்கேயே விடுங்கள். அதற்கு மேல் திருப்பினால் பேச்சின் முதல் அசை விழுந்துவிடும். மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, உதட்டிலிருந்து ஒரு விரல் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பலர் தாடைக்குக் கீழே தொங்கவிடுகிறார்கள்.

தாம்பரத்து ஆசான் (அடுத்த ஞாயிறு, இரவு 8.45)

இறங்கும்போது?

நங்கநல்லூர்ப் பறவை (அடுத்த ஞாயிறு, இரவு 8.50)

வயர் கையில் இருந்தது ஐயா. ரப்பர் மூடியையும் போட்டுவிட்டேன்.